ஓரத்தில் இருந்த கட்டைவிரல்

மதுரை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் கிளம்புகிறான்.

"புகைப்படம் எடுத்தவர் மனசில் இருந்தது பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நீங்களெல்லாம் இட்டுக்கட்டுகிறீர்கள்" என்று எழுதியிருந்தாய். ஒரேயடியாக அப்படித் தள்ளிவிடாதே. அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே எடுத்த அந்தத் தாயின் படம் உனக்குத் தெரியும். 1936 மார்ச், கலிபோர்னியாவில் நிபோமோ என்ற ஊர், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம். பயிர் அழிந்து, வேலையில்லாமல் கிடந்த ஜனம். கன்னத்தோரம் கையை வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கிற முகம்.

அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துப் பேசினால் நீ சொல்வது சரி. ஆனால் அதே வேளையில் எடுத்த மற்ற படங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். தள்ளி நின்று எடுத்ததில் கூடாரம் முழுசாகத் தெரிகிறது, நாற்காலியில் ஒரு வளர்ந்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். கிட்டே எடுத்ததில் அவள் இல்லை. புகழ்பெற்ற அந்தப் படத்தில் இரண்டு பிள்ளைகள் அம்மாவின் தோளில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள், மடியில் கைக்குழந்தை. படக்குறிப்பில் ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32 என்று இருக்கிறது. படத்தில் மூன்றே பிள்ளைகள். வளர்ந்த பெண் கூட இருந்தால் பார்க்கிறவன் அம்மாவின் வயதைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான் என்பது என் ஊகம். அவளை விட்டுவிட்டார் என்பது ஊகமில்லையே, கண்ணெதிரே இருக்கிறது.

அப்புறம் அந்தக் கட்டைவிரல். வலது பக்கம் கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்தபடி ஒரு விரல் இருந்தது. 1939இல் நெகட்டிவிலேயே அதை மறைக்க வைத்தார் லாங்கே. அரசாங்க வேலையில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. நானும் ஸ்ட்ரைக்கர் பக்கம்தான். ஆனால் லாங்கே நம் கண்ணை எங்கே நிறுத்த நினைத்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? முகத்தை விட்டு ஒரு இம்மிகூட நகரக் கூடாது!

அதற்குக் காரணமும் இருந்தது. உழவர்களின் துயரத்தை நாட்டுக்குக் காட்டத்தான் அரசாங்கம் அவரை அனுப்பியது. படம் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9 டன் உணவு போனது. அதற்குள் அந்தக் குடும்பம் இடம் மாறிவிட்டது.

லாங்கே அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவில்லை. பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று 1978இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. செரோக்கி பழங்குடிப் பெண். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், தனக்கு ஒரு காசுகூட வரவில்லை என்றார். இது என்னை விடாமல் அரிக்கிறது, செல்வம். எடுத்தவரின் நோக்கம் நல்லது, பலித்தும்விட்டது. எதிரே உட்கார்ந்தவருக்கும் தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை இருந்திருக்குமே? இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதையும் தேடுகிறேன்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு அம்மா மல்லிகை கட்டுவதைப் படம் எடுத்தேன். விரல்களும் நாரும் மட்டும் துல்லியமாக விழ வேண்டும் என்று குனிந்து எடுத்தது. கேமராவிலேயே காட்டினேன். "என்னண்ணே, தோடே தெரியலையே" என்றார். கட்டிய சரத்தை ஈரத்துணியில் வைத்துவிட்டு, காதோர முடியை ஒதுக்கி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தார். இரண்டாவது படம் அவர் சொன்னபடி எடுத்தது. இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எது உனக்குப் பிடிக்கிறது என்று எழுது. எனக்கு இரண்டாவதுதான்.

நீ அனுப்பிய அப்பா படம் அருமை. திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கிற விதமே போதும். இடது ஓரத்தில் ஒரு சேலைத்தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதே, அது அம்மாவா? வேண்டுமென்றே விட்டாயா, தற்செயலா? அன்றைக்கு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போடாதே, தெளிவு போய்விடுகிறது. சின்னவன் ஓசூர் போகும் வழியில் கிருஷ்ணகிரியில் இறங்கி உன்னைப் பார்ப்பான், பென் டிரைவில் போட்டு அவனிடம் கொடுத்துவிடு.

அன்புடன்,
ராமு