அமைதியாகக் கிடப்பவரையும் எழுப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வென்டிலேட்டரில் இருப்பவர் அசையாமல் கிடந்தால் ‘நிம்மதியா தூங்குறார்’ என்று உறவினர்கள் ஆறுதல் அடைகிறார்கள். கைகாலை உதறினால் ‘தூங்க ஒரு ஊசி போடுங்களேன்’ என்று கெஞ்சுகிறார்கள். ஆள் பற்றாக்குறை உள்ள ஐசியூவில், மிடசோலம் எனும் மயக்க மருந்தைச் செலுத்தும் பம்ப்பின் வேகத்தைக் கூட்டிவிடுவதும் சுலபம். அந்த மயக்கம் தூக்கமே அல்ல. மருந்து உடல் கொழுப்பில் சேர்ந்துவிடுவதாலும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதன் சிதைவுப் பொருள் வெளியேறாமல் தங்குவதாலும், நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் தெளிவு வராது. டெலிரியம் எனும் மூளைக் குழப்பத்துக்கும் அது வழிவிடுகிறது.

‘ஜன்னி கண்டு பிதற்றுகிறார்’ என்போமே, அது டெலிரியத்தின் ஒரு முகம். குழாயைப் பிடுங்குபவரை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. பேசாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவரைத்தான் ‘வயசாச்சு, சோர்ந்திருக்கார்’ என்று விட்டுவிடுகிறோம். ஐசியூவில் அவர்களே அதிகம். டெலிரியம் வந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2004இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறந்து பத்து விநாடிக்கு மேல் பார்த்தால், மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் ராஸ் அளவுகோலில் மைனஸ் 1. அதற்குள் மூடிக்கொண்டால் மைனஸ் 2. பெரும்பாலோருக்கு இந்த அளவு மயக்கமே போதும். தொட்டு உலுக்கினால்தான் அசைகிறார் என்றால் மைனஸ் 4. அங்கே மருந்தைக் குறைக்க வேண்டும். குரலுக்கு அசைபவரிடம் பத்து எழுத்துகளைச் சொல்லி, குறிப்பிட்ட ஓர் எழுத்துக்கு மட்டும் கையை அழுத்தச் சொல்லலாம். இரண்டுக்கு மேல் தவறு செய்தால் கவனம் சிதறியிருக்கிறது. ‘கல் தண்ணியில மிதக்குமா? கடல்ல மீன் இருக்கா?’ போன்ற கேள்விகளுக்குத் தலையாட்டச் சொல்லி, சிந்தனை கோவையாக இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஒவ்வொரு ஷிப்டிலும் செவிலியரே சில நிமிடங்களில் இதைச் செய்துவிட முடியும்.

உதறலுக்கு முதல் காரணம் பெரும்பாலும் வலி. ஆகவே வலிக்கு மருந்து முதலில், மயக்கம் பிறகு. தினமும் காலையில் மயக்க மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 35ஐத் தாண்டினாலோ ரத்த ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே போனாலோ பாதி அளவில் மீண்டும் தொடங்கலாம். 2000இல் சிகாகோவில் நடந்த ஆய்வில், இப்படித் தினமும் நிறுத்தியவர்களின் வென்டிலேட்டர் நாள்கள் 7.3இலிருந்து 4.9 ஆகக் குறைந்தன. வலிப்பு, மண்டைக்குள் கூடிய அழுத்தம், மாரடைப்பு உள்ளவர்களுக்கும், தசை தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதைச் செய்யக் கூடாது. குடியை நிறுத்தியதால் நடுக்கம் வந்தவருக்கும் கூடாது. அவருக்கு மிடசோலம் வகை மருந்துதான் சிகிச்சையே. இந்த இடத்தில் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: குடிப்பழக்கத்தையும் தூக்க மாத்திரைப் பழக்கத்தையும் கௌரவம் பார்த்து மறைக்காதீர்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஹாலோபெரிடால் எனும் மனநோய் மருந்தைப் போட்டால் டெலிரியம் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. 2018இல் வெளியான பெரிய ஆய்வில் அது வெற்று மருந்தைவிட டெலிரியம் நாள்களைக் குறைக்கவில்லை. கையைக் கட்டிப்போடுவது பதற்றத்தைக் கூட்டவே செய்கிறது. மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, கண்ணில் படும் கடிகாரம், பகலில் ஜன்னல் வெளிச்சம், படுக்கையிலேயே எழுந்து உட்காரவைப்பது ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு உடம்பு துடைத்துவிடும் வழக்கத்தை விட்டாலே இரவுத் தூக்கம் கொஞ்சம் மிஞ்சும்.

எல்லாவற்றையும்விட, தெரிந்த குரல் வேண்டும். வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருக்கும் மனைவியையும் மகனையும் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, நாளுக்குப் பத்து நிமிடம் காட்டி அனுப்புகிறோம். கையைக் கழுவவைத்து ஒருவரைக் கட்டிலருகே உட்காரவிடுங்கள். இன்ன நாள், இன்ன ஊர், என்ன ஆயிற்று என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லட்டும். அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் ஐசியூ பார்வையாளர் நேரத்தை இதை மனதில் வைத்து மாற்றியமைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்