அணியும் சோனார் காதை அடைக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனிதச் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே. வௌவால் இனங்கள் சிலவோ 1,00,000 ஹெர்ட்ஸையும் கடந்து ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு இருளில் வழி காண்கின்றன. பார்வையற்றோர் வழியறிய உடலில் அணியும் சோனார் கருவிகளும் இதே முறையில், பல வேளைகளில் 40,000 ஹெர்ட்ஸ் அளவிலான, செவிக்கு எட்டாத மீயொலியை அனுப்பி, அது தடையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, தொலைவைக் காதுக்கு எட்டும் ஒலியாகவோ தோலில் உணரும் அதிர்வாகவோ மாற்றித் தருகின்றன. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள சுவரின் எதிரொலி ஏறக்குறைய 6 மில்லிவிநாடியில் திரும்பிவிடுவதால், வேகம் இங்கே சிக்கலன்று.

பார்வையற்றோர் சிலர் நாக்கைச் சொடுக்கி, அதன் எதிரொலியிலிருந்தே பொருள்களின் இடத்தையும் அளவையும் அறிகின்றனர். அத்தகையோரின் காதில் இயர்போனைச் செருகினால், கருவி தரும் ஒலி கிடைக்கும். ஆனால் வாகன ஓசை, காலடியோசை, சுவரருகே மாறும் ஒலியின் தன்மை ஆகிய அனைத்தும் மங்கிவிடும். (பார்வையுள்ள வடிவமைப்பாளர்களுக்கு இந்த இழப்பு எளிதில் புலப்படுவதில்லை போலும்.) ஆகவே, காதைத் திறந்தே வைத்து, மண்டையோட்டு எலும்பின் அதிர்வு வழியே கேட்கும் எலும்புவழி ஒலியோ மணிக்கட்டு அதிர்வோதான் ஏற்றது. தரையிலுள்ள பள்ளத்தை மார்பில் அணிந்த கருவி தவறவிடக்கூடும் என்பதால், பார்வையற்றோர் தரையைத் தடவி நடக்கும் வெண்கோலுக்கு மாற்று என இவற்றை விளம்பரப்படுத்துவதும் தடுக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்