லெஃப்காட்டாஸ் முனை

வாசிலிக்கி,
லெஃப்காடா தீவு, கிரேக்கம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். சீசன் முடியும் தறுவாயில் இருப்பதால் ஹோட்டல் சமையலறையில் வேலை குறைந்திருக்கிறது. இந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

கிரேக்கத்தின் மேற்கே, அயோனியக் கடலில் பாருங்கள். லெஃப்காடாவைத் தீவு என்றாலும் கரைக்கும் அதற்கும் நடுவே ஒரு கால்வாய்தான் உண்டு. முற்காலத்தில் கொரிந்து நகரத்தார் நிலத்தை வெட்டி இதைத் தீவாக்கினார்கள் என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இதன் தென்மேற்கு மூலையில், ஒடுங்கிய மலைமுகடாக நீண்டு கடலில் முடிவதுதான் லெஃப்காட்டாஸ் முனை.

அத்தானி ஊரைத் தாண்டியதும் வீடுகள் மறைந்து, தேனீப் பெட்டிகளும் புதர்களுமே துணை. சாலை முடியுமிடத்தில், பழைய அப்பல்லோ கோயில் இருந்த இடத்தில், 1890இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அங்கே நின்றால் காற்றுதான் தெரியுமே தவிர பாறையின் நிறம் தெரியாது. வாசிலிக்கியிலிருந்து பக்கத்துத் தீவான கெஃபலோனியாவுக்குப் போகும் படகில் ஏறி, விரிகுடாவைத் தாண்டி வலப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். செங்குத்தான சுண்ணாம்புப் பாறை வெள்ளை வெளேரென்று நிற்கும். ‘லெஃப்கோஸ்’ என்றால் வெண்மை. முனைக்கும் தீவுக்கும் பெயர் அதிலிருந்து வந்ததுதான். அதை வைத்தவர்கள் கரையில் இருந்தவர்களல்லர், கப்பலில் வந்தவர்களே என்பது என் எண்ணம்.

கடல்வரைபடங்களில் டுகாட்டோ முனை என்றும் இருக்கும். இத்தாலியிலிருந்து வந்த தோக்கோ குடும்பத்தார் 14ஆம் நூற்றாண்டில் டியூக் பட்டத்தோடு இத்தீவை ஆண்டார்கள். டுகாட்டோ என்ற பெயரைப் பலரும் அந்த டியூக் பட்டத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள்.

காதல் தோல்வியால் பழங்காலக் கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போ இங்கிருந்து குதித்தார் என்ற கதையைத்தான் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்கிறார்கள். அவரோ கிரேக்கத்தின் மறுகோடியிலுள்ள லெஸ்போஸ் தீவுக்காரர். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஸ்ட்ராபோ சொல்லும் வேறொரு செய்திதான் மனத்தில் நிற்கிறது: ஆண்டுதோறும் அப்பல்லோவுக்கான பலியின்போது ஒரு குற்றவாளியை இங்கிருந்து தள்ளுவார்களாம், விழும் வேகம் குறைய அவன் உடம்பில் இறகுகளையும் உயிருள்ள பறவைகளையும் கட்டிவிடுவார்களாம், கீழே சிறு படகுகளில் வட்டமாகக் காத்திருப்பவர்கள் அவனைப் பிடித்து, எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம்.

இந்தப் பாறை இன்னும் சரிந்துகொண்டுதான் இருக்கிறது. 2015 நவம்பர் நிலநடுக்கத்தில் முனைக்கு வடக்கேயுள்ள எக்ரெம்னி கடற்கரையின் பெரும்பகுதி மண்ணில் புதைந்தது. நான் இருக்கும் வாசிலிக்கி கிழக்கே, விரிகுடாவுக்குள் இருப்பதால் கவலை வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி மகன்,
செல்வம்