அனுமந்தராயன் கோயில் தெருவில் எந்த வீடு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழங்கட்டடங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, திருவல்லிக்கேணியைச் சேப்பாக்கம் அரண்மனையோடும் வாலாஜா பள்ளிவாசலோடும் முடித்துக்கொண்டது. அவ்விரண்டும் போற்றத்தக்கவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான, 2012-இல் தீக்கிரையான கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையைக் கொண்டே மீட்டெடுத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எங்கள் பேட்டையின் வரலாறு அரண்மனைகளில் நடந்ததைவிட ஓட்டு வீடுகளிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் நடந்ததே அதிகம். அந்த வீடுகளைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

கணிதமேதை இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. அதன்பின் துறைமுக அலுவலக எழுத்தர் வேலையிலிருந்து விடுபட்ட அவர், மறு ஆண்டு மார்ச்சில் கப்பலேறும் வரை, தாயோடும் மனைவியோடும் குடியிருந்தது இங்குள்ள அனுமந்தராயன் கோயில் தெருவில். கல்லூரி மாணவர்கள் சிலர் ஒருநாள் அந்தத் தெருவில் என்னை நிறுத்தி, "எந்த வீடு ஐயா?" என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே நெடுநாள் குடியிருக்கும் பெரியவர்களிடம் அழைத்துச் சென்றேன். ஒருவர் ஒரு வீட்டைக் காட்ட, இன்னொருவர் வேறொன்றைக் காட்டினார். வந்தவர்கள் தெருவின் பெயர்ப்பலகையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

பாரதியாரின் வீட்டுக்கு இந்த நிலை நேரவில்லை. பார்த்தசாரதி கோயிலை ஒட்டிய துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் 1921 செப்டம்பரில் அவர் உயிர்நீத்த வீட்டை அரசு வாங்கிப் புதுப்பித்து, 1993 முதல் நினைவில்லமாக நடத்திவருகிறது. விவேகானந்தர் 1897-இல் தங்கிய ஐஸ் ஹவுஸும் அவர் பெயரிலேயே நிலைபெற்றுவிட்டது. ஆனால் அவரைச் சிகாகோவுக்கு அனுப்ப வீடு வீடாக நிதி திரட்டிய அளசிங்கப் பெருமாள் இந்தப் பேட்டைக்காரர் என்பது இங்குள்ள பிள்ளைகளுக்கே தெரியாது. 1878-இல் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 'தி இந்து' ஏட்டின் முதல் 80 படிகளை அச்சிட்ட ஆறு இளைஞர்கள் கூடிப் பேசியதும் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில்தான். 1904-இல் தொடங்கி, நாட்டின் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு முன்னோடியாக நின்ற திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் (டி.யு.சி.எஸ்.) பிறந்ததும் இங்கேதான்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களை நெட்டக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை அது. வழுவழுத்த திண்ணைத் தூண்கள் இரண்டும், தாமரை செதுக்கிய வாசல் நிலையும் ஒரு மீன்பாடி வண்டியில் ஏறிப் போயின. உரிமையாளரை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்து பங்காளிகள் உள்ள வீடு. ஒழுகும் கூரையைச் செப்பனிட ஆகும் செலவை யார் ஏற்பார்கள்? வேதனை எதிலென்றால், இடிக்கும் முன் அந்த வீட்டை ஒருவரும் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. அங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டு எழுதவும் இல்லை.

பாரம்பரியக் கட்டடம் என்றதும் கோபுரத்தையும் குவிமாடத்தையும் தேடும் நம் பழக்கத்தால்தான் திண்ணை வீடுகள் கணக்கில் வராமல் போகின்றன என்று கருதுகிறேன். கட்டடத்தின் அழகு ஒரு தகுதி என்றால், அங்கே வாழ்ந்தவரின் பணியும் ஒரு தகுதியாக வேண்டும். அப்படித் தகுதி பெறும் வீடுகளைக் காப்போருக்குச் சொத்துவரிச் சலுகையும் பழுதுபார்ப்பு உதவியும் கிடைத்தால், இடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியுண்டு என்ற எண்ணம் பங்காளிகளுக்கும் வரும்.

அதற்கெல்லாம் காலம் பிடிக்கும். மாநகராட்சி உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பழைய சொத்துவரிப் பதிவேடுகளையும் கடித முகவரிகளையும் ஒப்பிட்டு, வரலாறு அறிந்தவர்களைக் கொண்டு வீடுகளை அடையாளம் கண்டு, பெயரும் ஆண்டும் பொறித்த சிறு கற்பலகையை ஒவ்வொன்றின் முன்னும் பதிக்கலாம். வீடு போய்விட்ட இடத்தில், அங்கே எழுந்துள்ள அடுக்ககத்தின் மதிலிலாவது பதிக்கட்டும். அனுமந்தராயன் கோயில் தெருவிலிருந்தே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி வாசகர்
சென்னை – 5