மடைப் பக்கக் கசிவு பற்றி அப்பாவுக்கு

கௌடா, நெதர்லாந்து
நவம்பர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கு எல்லாரும் நலம்தானே? கடிதம் நேற்றுத்தான் வந்தது. கண்மாய் நிறைந்து மறுகால் போகிறது என்று படித்ததும், அயிரை ஏறியிருக்குமே என்றுதான் முதலில் தோன்றியது. இங்கே குளிர் இறங்கிவிட்டது. அத்தை கொடுத்த சுக்குப்பொடி இன்னும் இருக்கிறது, கவலை வேண்டாம்.

நடுமடையை ஒட்டிக் கரையடியில் கசிகிறது என்று எழுதியிருந்தீர்கள். மழை வலுத்தால் டார்ச் எடுத்துக்கொண்டு கரைமேல் நடக்கப் போய்விடுவாரே, இங்கே என் பக்கத்து வீட்டுத் தாத்தா, அவர் கரைக்காவல் தொண்டர் படையில் இருக்கிறார். வாரக்கடைசியில் பேச எனக்கு அவர்தான். அந்தப் படைக்குச் சொல்லித்தரும் முறையையே எழுதுகிறேன். தம்பியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால், குச்சி நட்டு அடையாளம் வைத்துக் காலையும் மாலையும் பார்த்தால் போதும். கலங்கலாக வந்தாலோ, ஊற்றைச் சுற்றிப் பொடிமணல் கூம்பாகக் குவிந்தாலோ, கரைக்குள்ளிருந்து மண் போகிறது என்று அர்த்தம். அப்போது வாயை அடைக்கக் கூடாது. அடைத்தால் வேறிடத்தில் பீறிடும். ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிலும் மணல்மூட்டை அடுக்குங்கள். யூரியா சாக்கில் பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் போதும், முட்ட நிரப்பினால் நடுவே சந்து விழும். செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மாற்றி வையுங்கள். வட்டத்துக்குள் தண்ணீர் உயர உயர அதன் பாரமே ஊற்றை எதிர்த்து அழுத்தும். வரும் தண்ணீர் தெளிந்ததும் உயர்த்துவதை நிறுத்தி, ஒரு குழாய் வைத்து வடியவிடுங்கள்.

மடைக் கல்லை ஒட்டிக் கசிவதுதான் எனக்குப் பயம். கல்லோரத்து மண் சரியாக இறுகாது. கோடையில் அந்த இடத்தைத் திறந்து, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஈரம் காட்டி, திமிசால் இடித்து நிரப்ப வேண்டும். கரைமேல் நிற்கும் சீமைக்கருவேலத்தை இப்போது ஜேசிபி விட்டுப் பிடுங்க விடாதீர்கள். வெட்டி மட்டும் விட்டாலும் வேர் மக்கிப் பொந்தாகிவிடும். அதையும் கோடையில் வேரோடு தோண்டி, குழியை இடித்தே மூட வேண்டும்.

இந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே. 1953 பிப்ரவரியில் கடல் கரையை உடைத்து 1,836 பேர் செத்தார்கள். இப்போது 2050, 2100 என்று வைத்துத் திட்டம் போடுகிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஆண்டுதோறும் நடக்கும் சின்ன வேலைதான். இலையுதிர்காலம் வந்தால் வாய்க்காலோரம் நிலம் வைத்திருப்பவர் தன் பங்கை நாணல் அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நீர்வாரியத்தார் வந்து பார்ப்பார்கள், செய்யாவிட்டால் அபராதம். நம் குடிமராமத்தேதான், இங்கே விட்டுப்போகவில்லை. ரைன்லாண்ட் நீர்வாரியம் 1255-லேயே இருந்திருக்கிறது. கரையில் வளை தோண்டும் நீரெலியைப் பிடிக்க மட்டும் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.

2003 ஆகஸ்டில் வில்னிஸ் என்ற ஊரில் கரை உடைந்தது வறட்சியில். அது மக்கிய தாவர மண்ணால் ஆன கரை. காய்ந்து எடை குறைந்ததும் கால்வாய்த் தண்ணீர் அதைத் தள்ளிவிட்டது. நம் கரை களிமண், அப்படித் தள்ளாது. ஆனாலும் சித்திரையில் விழும் வெடிப்பை ஆவணிக்குள் நிரப்பிவிட வேண்டும்.

மறுகால் இரைச்சல் நம் திண்ணை வரை கேட்குமே. அடுத்த முறை பேசும்போது தம்பியைப் போனோடு கலுங்குப் பக்கம் போய் நிற்கச் சொல்லுங்கள். யாரும் ஒன்றும் பேச வேண்டாம், கொஞ்ச நேரம் கேட்டுக்கொள்கிறேன்.

கரையடிப் புஞ்சையில் சவடு எடுக்கக் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள், எவ்வளவு தந்தாலும் சரி. கரைக் காலில் பள்ளம் விழுந்தால் கரையைத் தாங்கும் பாரம் போய்விடும், தண்ணீர் ஊறி வெளியே வரும் தூரமும் குறைந்துவிடும். தங்கச்சி கல்யாணச் செலவுக்கு மாசி வரை பொறுங்கள், நான் அனுப்புகிறேன். குளிர்காலத்தில் இங்கே ஓவர்டைம் குறைவு, எல்லாருக்கும் அப்படித்தான், வேறொன்றுமில்லை. மாப்பிள்ளை வீட்டில் தேதி கேட்டால் பங்குனி என்று சொல்லுங்கள். புஞ்சைப் பட்டா கூட்டாக இருப்பதால் சித்தப்பாவிடமும் இப்போதே பேசிவிடுங்கள். அவர் தனியாக முன்பணம் வாங்கிவிடக் கூடாது. கூட்டுறவு வங்கி நகைக்கடனுக்கு வட்டி மட்டும் கட்டித் திருப்பி வையுங்கள், ரசீது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அன்புடன்,
பெரியவன்