பன்னிரண்டு பேருக்கு ஒரு மீட்டர்: மகளிர் உரிமைத் தொகை பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசுக்கும், உரிமைத் தொகைக்கு யார் தகுதி, யார் தகுதியில்லை என்று முடிவெடுக்கிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர். என் அத்தை, அவருடைய மகன்கள் மூன்று பேர், மருமகள்கள் நாங்கள் மூன்று பேர், பிள்ளைகள் ஐந்து பேர். நான் மூத்த மருமகள். ஒரே ரேஷன் அட்டை, ஒரே மீட்டர், ஒரே அடுப்பு. இத்தனை நாள் இதைச் சொல்லி ஊரில் எங்களைப் பெருமையாகத்தான் பேசினார்கள், இப்போதுதான் அது தப்பு என்று தெரிகிறது.

அத்தைக்கு 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியதிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டு நாலு முறை அலைந்த பிறகு ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்: வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்திருக்கிறீர்கள். எவ்வளவு மேலே என்று கேட்டேன். 142 யூனிட்.

விதி இருக்கிறது, தெரியும். இரண்டரை லட்சம் வருமானம், ஐந்து ஏக்கர் நஞ்சை, பத்து ஏக்கர் புஞ்சை, 3,600 யூனிட், எல்லாம் ரேடியோவில் கேட்டு மனப்பாடம். நான் கேட்பது ஒன்றுதான், அந்த 3,600 யாருக்கு? எங்கள் வீட்டில் அதைத் தலைக்குப் பிரித்தால் வருடத்துக்கு 300, மாதத்துக்கு 25 யூனிட். பக்கத்துத் தெருவில் கணவன், மனைவி, கைக்குழந்தை, மூன்றே பேர், ஏசி இருக்கிறது, 3,500 யூனிட் ஓட்டினாலும் அவர்கள் ஏழை, நாங்கள் வசதி. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் பெண்ணுக்கும் அந்தக் காசு தேவைதான். ஆனால் கணக்கு என்று ஒன்று போட்டால் அதில் எத்தனை பேர் என்ற ஒரு வரி வேண்டாமா?

எங்கள் வீட்டில் என்னதான் ஓடுகிறது என்று நினைக்கிறீர்கள்? பன்னிரண்டு பேர் குளிக்கவும் துவைக்கவும் போர் மோட்டார். மூன்று அறையில் மூன்று ஃபேன். தினம் மாவு ஆட்டுகிற கிரைண்டர். அந்த கிரைண்டரும் ஒரு ஃபேனும் முன்பு அரசாங்கமே விலையில்லாமல் கொடுத்தது என்பதைப் பணிவோடு நினைவுபடுத்துகிறேன்.

வருமானத்தைக் கேட்டாலும் இதே கதைதான். என் வீட்டுக்காரர் கொத்தனார், பெரிய கொழுந்தனார் பெயின்ட் வேலை, சின்னவர் சென்னையில் கூலிக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மூன்று பேர் கூலியையும் ஒரு அட்டையில் கூட்டினால் இரண்டரை லட்சம் இடிக்கத்தான் செய்யும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டரை லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு மாதம் 1,750 ரூபாய்கூட வராது. இதுதான் நீங்கள் கண்டுபிடித்த வசதி.

ஆயிரம் ரூபாயில் பன்னிரண்டு பேர் என்ன வாழ்ந்துவிட முடியும் என்று டீக்கடையில் சிலர் சிரிப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு சிலிண்டர் இருபது நாள் தாங்காது. மிச்ச நாளுக்கு விறகுதான். பணம் வந்த பிறகு அத்தை அதில் ஐந்நூறை அடுத்த சிலிண்டருக்கு எடுத்து வைத்தார், மீதி ஐந்நூறைச் சீட்டுக்குக் கட்டினார். சீட்டு எடுக்கிற மாதம் வைகாசி. ஏன் வைகாசி என்று வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஐந்து பிள்ளைகளுக்கும் பாடப்புத்தகம், சீருடை எல்லாம் பள்ளியில் கொடுத்துவிடுகிறார்கள், சரி, ஆனால் நோட்டு, தையல் கூலி, டெஸ்ட்டுக்குப் பேப்பர், செருப்பு என்று ஜூன் மாதம் ஒரு தொகை கேட்கும். அதற்கு முன்பெல்லாம் எங்கள் மூன்று பேரில் யாராவது ஒருத்தியின் தோடு அடகுக்குப் போகும். முறை வைத்தே போகும், ஒரு வருடம் என்னுடையது, அடுத்த வருடம் ஓரகத்தியுடையது. தோடு போன காதில் தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி. அதோடுதான் கல்யாணத்துக்கும் போய்வருவோம், யாராவது பார்த்தால் காது புண் என்போம்.

2024 ஜூனில் யாருடைய தோடும் போகவில்லை. 2025 ஜூனிலும் போகவில்லை. ஆயிரம் ரூபாய் என்ன செய்தது என்று கேட்டால் என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

இன்னொன்றும் உண்டு, அது கணக்கில் வராது. 64 வயதில் அத்தை முதன்முதலாக ஏடிஎம் கார்டு வைத்திருந்தார். மஞ்சள் பையில், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக்குள் மடித்து. 15ஆம் தேதி பேத்தியைக் கூட்டிக்கொண்டு இலவச பஸ்ஸில் போய் எடுத்துவருவார். மகன்களிடம் வெற்றிலைக்குக் காசு கேட்டுக்கொண்டிருந்தவர், பணம் வந்த பிறகு மகனுக்கே ஒரு நாள் பெட்ரோலுக்கு நூறு ரூபாய் கொடுத்தார். அன்றைக்கு அவர் நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நின்று போனதும், சின்ன ஓரகத்தியின் தோடு போய்விட்டது. குச்சியோடுதான் நூறு நாள் வேலைக்குப் போகிறாள்.

சரி, வழி என்ன என்று கேட்டபோது அதே அதிகாரி நல்ல மனதோடுதான் சொன்னார், அட்டையைப் பிரித்துக்கொள்ளுங்கள் அம்மா, மூன்று அட்டையானால் மூன்று பேருக்கும் விண்ணப்பிக்கலாம். தனி அட்டைக்குத் தனி சமையலறை காட்ட வேண்டும். தனி மீட்டர் கேட்டால், ஒரே வீட்டுக்கு எதற்கு இன்னொரு மீட்டர் என்று அங்கே கேட்கிறார்கள். அப்புறம் யோசித்து யோசித்து, திண்ணையில் ஒரு தட்டி மறைப்பு வைத்து, இரண்டு செங்கல், ஒரு இரும்பு அடுப்பு, நாலு பாத்திரம் வைத்தோம். செய்தது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் உயிரோடு இருக்கும்போதே இந்த வீட்டில் இரண்டாவது அடுப்பா என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். எங்கள் பக்கம் அடுப்பைப் பிரிப்பதென்றால் அது பாகப்பிரிவினை மாதிரி, பஞ்சாயத்து வைத்து, பேச்சு வார்த்தை முறிந்து நடக்கிற காரியம். அரசாங்க விண்ணப்பத்துக்காக நடந்தது எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

பார்க்க வந்தவர் அடுப்பைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், கடைசியில் ஒன்று கேட்டார்: உப்பு எங்கேம்மா? உப்பு வைக்க மறந்துவிட்டோம். மிளகாய்த்தூளும் இல்லை. சின்னது ஒன்று பக்கத்தில் நின்றுகொண்டு, இங்க யாரும் சமைக்க மாட்டாங்க சார், இது சும்மா என்று சொல்லிவிட்டது. அவரும் சிரித்துவிட்டார், நாங்களும் சிரித்தோம். விண்ணப்பம் என்னவோ தள்ளுபடி.

ரேஷன் கடையில் சர்க்கரைக்குத் தலைக்கு அரை கிலோ என்று எண்ணத் தெரிகிறது, அதுவும் இரண்டு கிலோவோடு எண்ணிக்கை மறந்துவிடும். அட்டையில் இருப்பவர்கள் விரல் வைக்க வேண்டும் என்றபோது சின்னக் கொழுந்தனார் சென்னையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு வந்து வைத்துவிட்டுப் போனார், அப்போது நாங்கள் எத்தனை பேர் என்று சரியாகத் தெரிந்தது. ஓட்டுக்கு வரும்போது வீட்டில் ஏழு ஓட்டு என்று எங்களைவிட வேகமாகக் கணக்குச் சொல்கிறார்கள். கொடுக்கும்போது மட்டும் நாங்கள் ஒரு அட்டை, ஒரு மீட்டர். திட்டத்துக்கு உரிமை என்று பெயர் வைத்தவர்கள் நீங்கள்தான். உதவி என்று வைத்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஆத்திரத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எழுதவில்லை, எங்கள் வீட்டில் அது செய்த நல்லதைப் பார்த்தவள் என்பதால்தான் எழுதுகிறேன். கேட்பது இவ்வளவுதான். 3,600 யூனிட்டையும் இரண்டரை லட்சத்தையும் அட்டைக்கு இவ்வளவு என்று பார்க்காமல், அட்டையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வகுத்துப் பாருங்கள். முடிந்தால் ஒரு அட்டைக்கு ஒரு பெண் என்பதையும் யோசியுங்கள், நாலு பெண்களுக்கும் கொடுங்கள் என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, பன்னிரண்டு பேருக்கு இரண்டாவது ஒன்றாவது கிடைக்கலாம் இல்லையா. அது முடியாதென்றால் போகட்டும், தலையையாவது எண்ணுங்கள். மேல்முறையீடும் போட்டிருக்கிறோம், ரசீது பத்திரமாக இருக்கிறது, அதே கல்யாணப் பத்திரிகைக்குள்.

அத்தை ஒன்று கேட்கச் சொன்னார். திண்ணையில் இருக்கிற அந்த அடுப்பை எடுத்துவிடலாமா, இல்லை இன்னொரு முறை யாராவது பார்க்க வருவீர்களா?

இப்படிக்கு,
பன்னிரண்டு பேரில் ஒருத்தி