உணவு லேபிள் விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

உணவுப் பொருள்களின் லேபிள், விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரிகளுக்கும் அவர்களுக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

அளவுக்கு மீறி உண்பதைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்பதில்தான் வந்து நிற்கிறது. உடனே லேபிளில் இன்னும் ஓர் எண்ணும் சுவரொட்டியில் இன்னும் ஓர் அறிவுரையும் சேர்க்கப்படுகின்றன. தகவல் வேண்டாம் என்பது என் வாதம் அன்று. தகவலை அச்சிட்டுவிட்டால் அரசின் கடமை தீர்ந்தது, மிச்சமெல்லாம் உண்பவரின் மனக்கட்டுப்பாட்டைப் பொறுத்தது என்ற எண்ணத்தில் விதிகள் எழுதப்படுவதை ஆட்சேபித்தே இதை எழுதுகிறேன்.

கலோரி அளவை அச்சிடுவதால் விளையும் பயனை ஆராய்ந்த 25 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2025-இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, மக்கள் தேர்ந்தெடுக்கும் உணவில் கலோரி சராசரியாக 1.8 விழுக்காடு குறைகிறது. 600 கலோரி உள்ள ஒரு வேளை உணவில் இது 11 கலோரி. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் உண்ணும்போது இதுவும் வீண் அல்ல என்பதை ஏற்கிறேன். ஆனால், அதிகம் உண்ணத் தூண்டி எதிர்ப்பக்கத்தில் இயங்கும் விசைகளின் அளவே வேறு. ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவை 500 கிராம் வைத்தபோது உண்டதைக் காட்டிலும் 1,000 கிராம் வைத்தபோது மக்கள் 30 விழுக்காடு அதிகம் உண்டார்கள். பரிமாறிய அளவு மாறியதைக் கவனித்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. கவனத்துக்கே வராத ஒன்றை மனக்கட்டுப்பாட்டால் எப்படித் தடுப்பது?

அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் கெவின் ஹாலின் தலைமையில் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெளிவானது. 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலைகளில் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தப்படாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஒத்திருக்குமாறு உணவுகள் திட்டமிடப்பட்டன; வேண்டிய அளவு உண்ணலாம் என்றும் சொல்லப்பட்டது. முதல் வகை உணவின்போது அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள். (இத்துறையில் எல்லா ஆய்வுகளும் நம்பத்தக்கவை அல்ல. தட்டின் அளவையும் கிண்ணத்தின் அளவையும் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஒருவரின் கட்டுரைகள் பல பின்னர் திரும்பப் பெறப்பட்டன. கட்டுப்பாடான ஆய்வுகளையே நான் சுட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.)

நீங்கள் அனுமதித்துள்ள லேபிளையே சற்று உற்றுப் பாருங்கள். 75 கிராம் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டின் பின்புறம், மடிப்புக்குள் பாதி மறைந்த பொடி எழுத்தில், ‘ஒரு பரிமாறலுக்கு 130 கலோரி’ என்றிருக்கும். ஒரு பரிமாறல் என்பது 25 கிராம் என்பது அதற்கும் கீழே இருக்கும். மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மீதியை மடித்து வைப்பவர் யார்? பாக்கெட் முழுவதற்கும் 390 கலோரி என்று எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு சொட்டு மைகூடச் செலவாகாது. முன்புறத்திலோ ‘கொழுப்பு குறைவு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதே பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்பதைப் பின்புறத்தில்தான் தேட வேண்டும். ஒரு சத்தைக் குறைத்ததை விளம்பரப்படுத்துபவர், மிகுந்திருக்கும் சத்தையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று விதிப்பதில் என்ன தடை?

லேபிளின் உண்மையான பலம், உண்பவரைவிடத் தயாரிப்பவரிடம் அதிகம் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. சிலி நாடு 2016-இல், சர்க்கரையோ உப்போ நிறைவுற்ற கொழுப்போ கலோரியோ மிகுந்த பொருள்களின் முன்புறத்தில் கருப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. குழந்தைகளை ஈர்க்கும் கேலிச்சித்திரங்களைப் பாக்கெட்டிலிருந்து நீக்கியது. பள்ளிகளில் அப்பொருள்களின் விற்பனையைத் தடை செய்தது. எச்சரிக்கைக்கு உள்ளான பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. அதைவிட முக்கியமாக, எண்கோணத்தைத் தவிர்ப்பதற்காகவே நிறுவனங்கள் பல தங்கள் கலவையை மாற்றின. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குளிர்பான வரியும் அப்படியே: 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரை என்ற வரம்பை எட்டாமல் இருக்க, வரி வருவதற்கு முன்பே பல பானங்களில் சர்க்கரை குறைக்கப்பட்டது. அந்தப் பானங்களை வாங்கியவர் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை, எதையும் அடக்கிக்கொள்ளவும் வேண்டியிருக்கவில்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில் போடும் வரிசையில் கைக்கெட்டும் உயரத்தில் இனிப்புகள் இருப்பது தற்செயல் அல்ல. அது திட்டமிட்டு விற்கப்படும் இடம். இங்கிலாந்து 2022 அக்டோபர் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கடைகளின் நுழைவாயிலிலும் பில் போடும் இடத்திலும் இத்தகைய பொருள்களை வைப்பதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அங்கே யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. வேண்டியவர் உள்ளே சென்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, அடுத்த விதி வரைவில் முழுப் பாக்கெட்டுக்கான அளவையும் முன்புற எச்சரிக்கையையும் கட்டாயமாக்கக் கோருகிறேன். சிலி செய்ததைப் போல வரம்புகளைப் படிப்படியாக இறுக்கும் கால அட்டவணையும் அதிலேயே இருக்கட்டும். நிறுவனங்கள் கலவையை மாற்ற அவகாசம் கேட்பது நியாயமே, முடிவில்லாத அவகாசம் கேட்பதுதான் நியாயமில்லை. வரைவின்மீது நிறுவனங்கள் அனுப்பும் ஆட்சேபங்கள் அனைத்தையும், எதை ஏற்று எந்த விதியைத் தளர்த்தினீர்கள் என்ற விளக்கத்தையும், இறுதி விதியுடனேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
லேபிளைப் படித்து வாங்கும் ஒரு நுகர்வோர்